எச்.ஆர். துறையில் முதல் வேலை: ஏஜென்சியா, சிறு நிறுவனமா, பேரோலா, ஆலையா, மேற்படிப்பா?

பட்டப்படிப்பு முடிந்ததும் எச்.ஆர். பக்கம் போகலாம் என்று தீர்மானித்தவர்கள், அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஆள்சேர்ப்பு ஏஜென்சி ஒன்று வருகிற திங்கட்கிழமையே சேரச் சொல்கிறது. நாற்பது பேர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனம் "எச்.ஆர். முழுக்க உங்கள் பொறுப்புதான்" என்று ஆசை காட்டுகிறது. பெரிய நிறுவனம் ஒன்றின் பேரோல், அதாவது சம்பளக் கணக்குப் பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் "அங்கே போனால் காலம் முழுக்கக் கணக்குதான்" என்று கல்லூரி சீனியர் பயமுறுத்துகிறார். வீட்டிலோ "முதலில் மேற்படிப்பை முடி, வேலை எங்கே போய்விடும்" என்கிறார்கள்.

எது சரி என்று கேட்கும்போது பெரும்பாலோர் சம்பளத்தையும் பதவிப் பெயரையும் சொல்லித்தான் கேட்கிறார்கள். முதல் வேலையைப் பொறுத்தவரை இந்த இரண்டையும் வைத்துப் பெரிதாக எதையும் தெரிந்துகொள்ள முடியாது. "எச்.ஆர். எக்ஸிக்யூட்டிவ்" என்ற ஒரே பெயரில் ஓரிடத்தில் நாள் முழுக்கப் போன் பேசுவார்கள், இன்னோரிடத்தில் வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பார்கள், மற்றோரிடத்தில் ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் எழுதுவார்கள்.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். எச்.ஆர். வேலையில் நாம் செய்யும் பிழை நம்மோடு நிற்பதில்லை. இன்னொருவரின் சம்பளத்திலோ, விடுப்பிலோ, வேலையிலோ போய் விழுகிறது. ஆகவே புதிதாக வருபவர் பார்க்க வேண்டிய முதல் விஷயம், தன் வேலையை யார் சரிபார்க்கப் போகிறார் என்பது. பிழையை அது ஊழியரைத் தொடும் முன் பிடித்து, ஏன் பிழை என்று சொல்லித்தர ஒருவர் இருக்கிறாரா? அது தெரிந்தபின் மற்றதைப் பார்க்கலாம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

சரிபார்ப்பவர் யார் என்பது முதல் அளவுகோல். இரண்டாவது, உங்கள் கண்ணில் படும் பரப்பு. விண்ணப்பம், நேர்காணல், பணி நியமனம், முதல் மாதச் சம்பளம், விடுப்பு, இன்க்ரிமென்ட், புகார், பதவி உயர்வு, விலகல், கணக்குத் தீர்ப்பு என்று ஓர் ஊழியரின் பயணம் நீண்டது. அதில் எத்தனை கட்டங்களை இந்த வேலை உங்களுக்குக் காட்டும்? மூன்றாவது, கற்றதை அடுத்த இடத்துக்கு எடுத்துப் போக முடியுமா என்பது. ஒரு நிறுவனத்தின் படிவங்களை மட்டும் அறிந்தவர் வெளியே வந்தால் திண்டாடுவார். நான்காவது வருமானத்தின் தன்மை: மாதாமாதம் உறுதியாக வருமா, இலக்கைத் தொட்டால்தான் வருமா? ஐந்தாவது மனச்சுமை. இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

"எனக்கு மனிதர்களோடு பழகப் பிடிக்கும், அதனால் எச்.ஆர்." என்பவர்களுக்காக ஒன்று. இந்தத் துறையின் வேர் நலப்பணியில் இருப்பது உண்மைதான். பிரிட்டனில் இன்று சி.ஐ.பி.டி. என்று அறியப்படும் தொழில்முறை அமைப்பு, 1913-இல் தொழிற்சாலை நலப் பணியாளர்களின் சங்கமாகத்தான் தொடங்கியது. ஆனால் அன்றாட வேலையின் பெரும்பகுதி விதி, ஆவணம், கணக்கு ஆகியவற்றில் கழிகிறது. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கும்போது ஒருவருக்கு "இல்லை" என்று சொல்ல வேண்டியிருக்கும். அதைத் தாங்க முடியுமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். பழகும் ஆசையை மட்டும் நம்பி வந்தவர்கள் முதல் வருடத்திலேயே சோர்ந்துபோகிறார்கள்.

| வழி | சரிபார்ப்பவர் | கண்ணில் படும் பரப்பு | வருமானம் | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| ஆள்சேர்ப்பு ஏஜென்சி | டீம் லீட்; எண்ணிக்கையை அதிகம் பார்ப்பார் | விண்ணப்பம் முதல் சேரும் நாள் வரை | அடிப்படைச் சம்பளம், இன்சென்டிவ் | "ரெக்ரூட்டர்" முத்திரை |
| சிறு நிறுவனத்தில் ஒரே எச்.ஆர். | பெரும்பாலும் யாரும் இல்லை | எல்லாக் கட்டமும், மேலோட்டமாக | நிலையானது | தவறான பழக்கம் ஊறிப்போவது |
| பெரிய நிறுவனத்தில் பேரோல், ஆபரேஷன்ஸ் (அன்றாட எச்.ஆர். நிர்வாகம்) | அடுக்கடுக்காக உண்டு | சேர்வது முதல் விலகுவது வரை, பதிவுகள் வழியாக | நிலையானது | ஒரே பிரிவில் தேங்குவது |
| ஆலை, தொழிலாளர் உறவு | அனுபவசாலிகள், தொழிற்சங்கம், சட்டம் | பணியிட வாழ்க்கை முழுக்க | நிலையானது | நேரம், அலைச்சல், மன அழுத்தம் |
| மேற்படிப்பு | ஆசிரியர். இன்டர்ன்ஷிப்பில் மேலாளர் | புத்தகத்தில் எல்லாம், நேரில் கொஞ்சம் | இல்லை. செலவுதான் | இழந்த சம்பளமும் அனுபவமும் |

## ஆள்சேர்ப்பு ஏஜென்சி

அனுபவமில்லாதவர்களுக்கு எளிதில் திறக்கும் கதவு இது. ஏஜென்சிகளில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருப்பதால் இடம் எப்போதும் இருக்கும்.

வேலை இப்படி இருக்கும். காலையில் வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து ஒரு தேவை வரும்: இன்ன திறன், இத்தனை வருட அனுபவம், இவ்வளவு சம்பளத்துக்குள். வேலைவாய்ப்புத் தளங்களில் தேடி, பொருந்தக்கூடியவர்களைக் கூப்பிடுவீர்கள். "இப்போது வாங்கும் சம்பளம் எவ்வளவு, எதிர்பார்ப்பு என்ன, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், ஏன் மாற நினைக்கிறீர்கள்?" இதே நான்கு கேள்விகளை நாள் முழுக்கக் கேட்பீர்கள். இந்த நான்கில் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கேட்கக் கற்றுக்கொள்வதுதான் இங்கே கிடைக்கும் உண்மையான பாடம். "வளர்ச்சி வேண்டும்" என்று ஒருவர் சொல்லும்போது மேலாளரோடு சண்டையா, சம்பளம் போதவில்லையா, வீடு மாறப்போகிறாரா என்று பிரித்தறியும் காது சில மாதங்களில் வந்துவிடும். முன்பின் தெரியாதவரிடம் தயங்காமல் பேசுவதும், மறுப்பை மனதில் வைத்துக்கொள்ளாமல் அடுத்த அழைப்புக்குப் போவதும் எந்த எச்.ஆர். வேலைக்கும் உதவும்.

இனி செலவுகள். ஏஜென்சிக்குப் பெரும்பாலும் ஆள் சேர்ந்த பிறகுதான் பணம். சேர்ந்தவர் ஒப்பந்தத்தில் சொன்ன சில வாரங்களுக்குள் விலகினால் வேறு ஆளைத் தர வேண்டும், இல்லையென்றால் கட்டணத்தைத் திருப்ப வேண்டும். இந்த அழுத்தம் முழுக்க ரெக்ரூட்டரின் தலையில்தான் இறங்கும். ஆஃபர் லெட்டரை வாங்கிக்கொண்டு சேரும் நாளன்று போனை அணைத்துவிடும் விண்ணப்பதாரரால் உங்கள் மாத இலக்கு சரியும். மாத வருமானத்தில் இன்சென்டிவ் பெரும்பங்கு என்றால் இன்னும் கவனம் தேவை. ஒருவருக்குப் பொருந்தாத வேலை என்று தெரிந்தும் "சேர்ந்து பாருங்கள்" என்று தள்ளச் சொல்லும் நிலை வரும். அங்கே உங்கள் மனசாட்சிக்கு என்ன நேர்கிறது என்பதும் ஒரு செலவு.

இன்னொரு குறை, சேர்ந்தபின் அந்த மனிதர் உங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார். நீங்கள் தேர்ந்தெடுத்தது சரிதானா என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆளெடுக்கும் கலையின் மையம் அதுதான். உளவியலாளர் பால் சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் 2022-இல் பழைய ஆய்வுகளின் மதிப்பீடுகளை மறுபடி கணக்கிட்டபோது, வேலைத்திறனை முன்கூட்டிக் கணிப்பதில் கட்டமைக்கப்பட்ட நேர்காணல், அதாவது எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவில் மதிப்பெண் தருவது, முன்னிலையில் நின்றது. ஏஜென்சியில் இதைச் செய்யவோ, பலனைப் பார்க்கவோ வாய்ப்பு மிகக் குறைவு.

விண்ணப்பங்களை வடிகட்டும் வேலையில் மென்பொருள் வேகமாக நுழைந்துவிட்டது. ஆள்சேர்ப்புக்காக அமேசான் சோதித்துக் கைவிட்ட ஒரு கருவி, பெண்களைக் குறிக்கும் சொல் இருந்த விண்ணப்பங்களைத் தாழ்த்தி மதிப்பிட்டது 2018-இல் செய்தியானது. ஆள்சேர்ப்பில் பயன்படும் செயற்கை நுண்ணறிவை 2024-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் அதிக ஆபத்துள்ள வகையில் சேர்த்தது. வெறும் சொற்பொருத்தம் பார்த்து விண்ணப்பம் அனுப்புகிற ரெக்ரூட்டரின் வேலை சுருங்கும். கருவி தந்த பட்டியலில் யார் ஏன் விடுபட்டார் என்று கேட்கத் தெரிந்தவருக்கு வேலை இருக்கும். சேரும் ஏஜென்சி இதில் எந்த வகை ஆளை உருவாக்குகிறது என்று பாருங்கள்.

ஒரு எல்லைக்கோடு மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாதது. வேலை தேடுபவரிடம் பணம் வாங்கும் ஏஜென்சியில் சேராதீர்கள். தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் தொழிலாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பொதுவிதி, விதிவிலக்குகள் குறுகியவை. "பதிவுக் கட்டணம்", "பயிற்சிக் கட்டணம்" என்று எந்தப் பெயரில் வந்தாலும் அங்கே கற்க எதுவும் இல்லை.

ஏஜென்சியைத் தேர்ந்தெடுப்பவர்கள் வெளியேறும் காலத்தையும் மனதில் குறித்துக்கொள்வது நல்லது. ஒன்றரை முதல் இரண்டு வருடத்துக்குள் ஒரு நிறுவனத்தின் உள் ஆள்சேர்ப்புக் குழுவுக்கு மாறினால் இந்த அனுபவம் பொன். அதைத் தாண்டினால் எச்.ஆர். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதெல்லாம் "நீங்கள் ரெக்ரூட்டர்தானே" என்ற கேள்வி வரும். ஆள்சேர்ப்பையே வாழ்நாள் தொழிலாக விரும்புபவருக்கு இது பொருந்தாது. அவர் அங்கேயே வளரலாம், நன்றாகவும் சம்பாதிக்கலாம்.

## சிறு நிறுவனத்தில் ஒரே எச்.ஆர்.

ஐந்து வழிகளில் அதிகம் ஆசை காட்டுவது இதுதான். வந்ததுமே "எச்.ஆர். மேனேஜர்" என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுக்கவும் கூடும். முதலாளியோடு நேரே பேசலாம். ஒரு கொள்கையை நீங்களே எழுதி அடுத்த வாரமே நடைமுறைக்குக் கொண்டுவரலாம். பெரிய நிறுவனத்தில் அதற்கு வருடக்கணக்காகும்.

ஆனாலும் முதல் வேலையாக இதை நான் தயங்கித்தான் சொல்வேன். காரணம், மேலே சொன்ன அந்த முதல் அளவுகோல். சேர்ந்த இரண்டாம் மாதத்தில் முதலாளி கூப்பிட்டு, "இவரை நாளையோடு நிறுத்திவிடலாம், ஒரு கடிதம் தயார் பண்ணுங்கள்" என்பார். நோட்டீஸ் காலம் எவ்வளவு, முன்பு எச்சரித்ததற்கு எழுத்தில் ஏதும் இருக்கிறதா, அவர் மகப்பேறு விடுப்பிலோ மருத்துவ விடுப்பிலோ இருக்கிறாரா, நிலுவையில் என்ன பாக்கி என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதபோது கேட்க ஆளில்லை. இணையத்தில் கிடைத்த மாதிரிக் கடிதத்தில் பெயரை மாற்றி அனுப்பிவிடுவீர்கள். அதை வாங்குபவரின் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சட்டச் சிக்கல் வந்தால் கீழே இருக்கும் கையெழுத்து உங்களுடையது.

மற்ற செலவு சத்தமில்லாமல் வரும். எச்.ஆர். வேலை முழு நாளையும் நிரப்பாத இடத்தில் டிக்கெட் பதிவு, ஸ்டேஷனரி வாங்குவது, பிறந்தநாள் ஏற்பாடு, முதலாளியின் சந்திப்புகளைக் குறித்துவைப்பது எல்லாம் வந்து சேரும். இரண்டு வருடம் கழித்து ரெஸ்யூமேயில் எல்லாம் இருக்கும், எதுவும் ஆழமாக இருக்காது.

இதே வேலை நல்ல வேலையாக மாறுவது மூன்று சூழ்நிலைகளில். ஒன்று, நிறுவனம் வெளியே ஒரு தொழிலாளர் சட்ட ஆலோசகரை வைத்திருந்து, அவரிடம் நீங்கள் நேரே பேச முடிவது. இரண்டு, பேரோல் வெளியே ஒரு சேவை நிறுவனத்திடம் இருந்து, நீங்கள் தகவல் கொடுத்துச் சரிபார்ப்பது மட்டுமே செய்வது. மூன்று, நிறுவனம் வேகமாக வளர்ந்து, உங்களுக்கு மேலே அனுபவமுள்ள ஒருவரை அமர்த்தப் போகிறோம் என்று சேரும்போதே தெளிவாகச் சொல்வது. மூன்றில் ஒன்றுகூட இல்லையென்றால் வேறு வழி பாருங்கள். வேறு வழியே இல்லையென்றால், இத்துறையில் பழுத்த ஒருவரை வாரம் ஒருமுறை பேசக்கூடிய வழிகாட்டியாகத் தேடிக்கொண்டு சேருங்கள்.

## பெரிய நிறுவனத்தில் பேரோல், எச்.ஆர். ஆபரேஷன்ஸ்

புதியவர்கள் குறைத்து மதிப்பிடும் வழி இது. இரண்டு ஆஃபர் கையில் இருந்து ஒன்று இதுவானால், பெரும்பாலும் இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

பேரோலைக் கணக்கு வேலை என்கிறார்கள். ஒரு சின்ன உதாரணம் பாருங்கள். 31 நாள் உள்ள மாதம். ஒருவர் 17-ஆம் தேதி சேர்கிறார். முதல் மாதச் சம்பளம் எவ்வளவு? காலண்டர் நாட்களால் வகுக்கும் நிறுவனத்தில் 31-இல் 15 பங்கு. எல்லா மாதமும் 30 நாள் என்று வைத்திருக்கும் நிறுவனத்தில், வேலையில் இருந்த நாட்களை எண்ணினால் 30-இல் 15. சேர்வதற்கு முந்தைய 16 நாட்களைக் கழித்தால் 30-இல் 14. வேலைநாட்களை மட்டும் எண்ணும் நிறுவனத்தில் தொகை இன்னொன்று. ஒரே மனிதர், ஒரே தேதி, ஒரே சம்பளம், நான்கு விடை. எது சரி என்பதை நிறுவனத்தின் எழுதப்பட்ட விதியும் நாட்டின் சட்டமும் சேர்ந்து சொல்லும். அந்த ஊழியர் "ஒரு நாள் சம்பளம் குறைகிறதே" என்று கேட்டு வரும்போது, விதியைத் தேடி எடுத்துப் புரியும்படி விளக்குவது எச்.ஆர். வேலையின் சாரம். வேறெங்கும் இவ்வளவு சீக்கிரம் இதைக் கற்க முடியாது.

இப்படியே சம்பளமில்லா விடுப்பு, ஓ.டி., அரியர்ஸ், வரிப்பிடித்தம், கடன் பிடித்தம், ஃபைனல் செட்டில்மென்ட் என்று ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு விதி இருக்கிறது. சட்டத்தைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கும் அது ஒருவரின் சம்பளச் சீட்டில் எந்த வரியில் எப்படி வந்து நிற்கிறது என்று பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம். பிறகு நீங்கள் எந்தப் பிரிவுக்குப் போனாலும், ஒரு முடிவு எடுக்கும்போதே "இது பேரோலில் எப்படி விழும்" என்று யோசிப்பீர்கள். அப்படி யோசிக்கத் தெரிந்த எச்.ஆர். மேலாளர்களை நிதிப் பிரிவும் மதிக்கும், ஊழியர்களும் நம்புவார்கள்.

சரிபார்ப்பும் இங்கே வேலையிலேயே கலந்திருக்கிறது. முறையாக நடக்கும் இடத்தில் ஒருவர் பதிவதை இன்னொருவர் பார்ப்பார், மூன்றாமவர் ஒப்புதல் தருவார். போன மாதத் தொகையையும் இந்த மாதத் தொகையையும் ஒப்பிட்டு, மாறியவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் காரணம் எழுதுவார்கள். புதியவருக்கு அந்தப் பட்டியலே பாடசாலை.

பெரிய நிறுவனங்களில் எச்.ஆர். ஏன் இப்படித் துண்டுதுண்டாக இருக்கிறது என்பதையும் புரிந்துகொள்வது நல்லது. 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர் டேவ் உல்ரிச் முன்வைத்த கருத்துகளை ஒட்டிப் பல நிறுவனங்கள் எச்.ஆரை மூன்றாகப் பிரித்துக்கொண்டன. அன்றாடப் பணிகளுக்கு ஒரு பொதுச்சேவை மையம். சம்பள அமைப்பு, பயிற்சி, ஆள்சேர்ப்பு போன்றவற்றுக்கு நிபுணர் குழுக்கள். ஒவ்வொரு தொழில் பிரிவின் தலைவரோடும் அமர்ந்து வேலை செய்யும் பிசினஸ் பார்ட்னர். புதியவர்கள் நுழைவது பெரும்பாலும் முதல் வாசலில். எல்லோரும் ஆசைப்படுவது மூன்றாவதற்கு. பொதுச்சேவை மையம் வேறு ஊரிலோ வேறு நிறுவனத்திடமோ இருந்தால் முதல் வாசலிலிருந்து மூன்றாவதற்குப் போகும் பாதை அடைபட்டிருக்கும். இந்த வழியின் மிகப் பெரிய ஆபத்து இதுதான். ஆகவே சேரும் நிறுவனத்தில் இப்போதைய பிசினஸ் பார்ட்னர்களில் யாராவது ஆபரேஷன்ஸிலிருந்து வந்தவரா என்று கேளுங்கள். ஒருவர்கூட இல்லையென்றால் அதிலேயே பதில் இருக்கிறது.

மற்ற செலவுகளும் உண்டு. மாதக் கடைசியில் விடுப்பு கிடைக்காது. ஊழியரின் முகத்தைப் பார்க்காமல், அவர் கோரிக்கைக்குக் கணினி தந்த டிக்கெட் எண்ணை மட்டும் பார்த்து வேலை செய்யும் பழக்கம் வந்துவிடும். இன்னொரு பாரம் யாரும் எச்சரிக்காதது: எல்லோருடைய சம்பளமும் உங்களுக்குத் தெரியும். கூடச் சாப்பிடும் நண்பர் உங்களைவிட எவ்வளவு அதிகம் வாங்குகிறார், யாருடைய சம்பளத்திலிருந்து நீதிமன்ற உத்தரவுப்படி பிடித்தம் போகிறது என்பதெல்லாம் தெரிந்தும் முகத்தில் காட்டாமல் இருக்க வேண்டும். ரகசியம் காப்பது இத்துறையின் முதல் ஒழுக்கம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது எவ்வளவு தனிமையானது என்பது இங்கேதான் தெரியவரும்.

குறைந்தது ஒரு முழு ஆண்டுச் சுழற்சியையாவது, அதாவது இன்க்ரிமென்ட், ஆண்டிறுதி வரிக்கணக்கு, தணிக்கை மூன்றையும், பார்த்துவிட்டு உள்மாற்றம் கேளுங்கள். இரண்டாவது சுழற்சியில் பாடம் பாதியாகக் குறையும். மூன்றாவதில் நீங்கள் தேங்கத் தொடங்கிவிட்டீர்கள்.

## ஆலை, தொழிலாளர் உறவு

இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் குறைவு. ஷிப்ட் மாறும் நேரத்தில் வாசலில் நிற்க வேண்டும், கேன்டீன் முதல் பாதுகாப்புக் காலணி வரை புகார்கள் நேருக்கு நேர் வரும், ஆத்திரத்தோடு வரும். பேச்சுவார்த்தை மேசையில் எதிரே அமர்ந்திருக்கும் தொழிற்சங்கத் தலைவருக்கு உங்கள் வயதுக்குச் சமமான அனுபவம் இருக்கும்.

ஆனால் சரிபார்ப்பு இங்கே கடுமையானது. அதனால் பாடம் ஆழமானது. ஒருவரைத் தண்டிக்க வேண்டுமானால் குற்றச்சாட்டை எழுத்தில் தர வேண்டும், பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும், உள்விசாரணை நடத்த வேண்டும், சாட்சிகளை அவர் குறுக்குக் கேள்வி கேட்க விட வேண்டும், கிடைத்த முடிவுக்கு ஏற்ற அளவில்தான் தண்டனை இருக்க வேண்டும். நடத்தை அல்லது செயல்திறன் காரணமாக ஒருவரை வேலையிலிருந்து நீக்கும் முன் தன் தரப்பைச் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 158-ஆம் உடன்படிக்கை 1982-இல் வகுத்தது. அலுவலக எச்.ஆரில் இதைப் படித்திருப்பார்கள். ஆலையில் ஒவ்வொரு படியையும் செய்திருப்பார்கள். தவறவிட்ட படியைத் தொழிற்சங்கம் சுட்டிக்காட்டும். இல்லையென்றால் நீதிமன்றம் காட்டும்.

சங்கம் அமைக்கும் உரிமைக்கு 1948-இலும் கூட்டுப் பேரத்துக்கு 1949-இலும் வந்த அதே அமைப்பின் உடன்படிக்கைகளைப் பரீட்சைக்காகப் படித்தவர்கள், ஓர் ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் குறிப்பெடுக்க உட்கார்ந்தால் அவற்றின் அர்த்தம் வேறாகத் தெரியும்.

மறைந்த செலவு உடலிலும் நேரத்திலும் இருக்கிறது. ஆலைகள் ஊருக்கு வெளியே இருக்கும். இரவில் விபத்து என்றால் முதல் போன் உங்களுக்குத்தான். நிர்வாகம் உங்களைத் தொழிலாளரின் ஆள் என்றும், தொழிலாளர் உங்களை நிர்வாகத்தின் ஆள் என்றும் நினைக்கும் நாட்கள் உண்டு. பெண்கள், இரவுப் பணிக்குப் போக்குவரத்தும் ஆலைக்குள் பாதுகாப்பும் எப்படி என்று ஆஃபரை ஏற்கும் முன் நேரில் போய்ப் பார்ப்பது அவசியம். இத்தனையும் தாண்டி மூன்று வருடம் நின்றவர், பின்னாளில் எந்தக் கடினமான உரையாடலுக்கும் அஞ்சுவதில்லை. ஆலையிலிருந்து அலுவலகத்துக்கு மாறுவது எளிது. அலுவலகத்தில் பத்து வருடம் கழித்தவர் ஆலைக்குப் போவது மிகக் கடினம். சட்டத்தில் ஈடுபாடும் நிதானமான குரலும் உள்ளவர் இதைத் தள்ளிவைக்காமல் இளமையிலேயே செய்வது நல்லது.

## மேற்படிப்பு, சான்றிதழ்

மேற்படிப்பு இரண்டு இடங்களில் உண்மையாகவே உதவும். நீங்கள் குறிவைக்கும் நிறுவனங்கள் முதுகலைப் பட்டதாரிகளை மட்டுமே பயிற்சி மேலாளர்களாக எடுத்து, எல்லாப் பிரிவுகளிலும் சுழற்றிப் பயிற்றுவிக்கின்றன என்றால் அந்தக் கதவுக்கு வேறு சாவி கிடையாது. இளங்கலையில் படித்தது முற்றிலும் வேறு துறை, நேர்காணலுக்கே அழைப்பு வருவதில்லை என்றாலும் படிக்கலாம். இந்த இரண்டும் இல்லாமல், வேலை தேடுவதைத் தள்ளிப்போடுவதற்காகப் படித்தால் இரண்டு வருடம் கழித்து இதே கேள்வி கடனோடு திரும்ப வரும்.

செலவைக் கணக்கிடும்போது கட்டணத்தை மட்டும் எழுதாதீர்கள். அந்தக் காலத்தில் வாங்கியிருக்கக்கூடிய சம்பளத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பாடத்திட்டத்தைவிட இன்டர்ன்ஷிப்பைப் பாருங்கள்: எத்தனை மாதம், எந்த மாதிரி நிறுவனங்களில், மாணவர்கள் அங்கே என்ன செய்தார்கள். ஒன்றிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் படிக்கப் போகிறவர் வகுப்பில் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும். ஆகவே முடிந்தால் அந்த வரிசையைத்தான் பரிந்துரைப்பேன்.

சான்றிதழ்களில், அமெரிக்காவின் எச்.ஆர்.சி.ஐ. என்ற சான்றிதழ் அமைப்பு நடத்தும் ஏ.பி.எச்.ஆர். என்ற தொடக்க நிலைத் தேர்வுக்கு முன் அனுபவம் தேவையில்லை. சி.ஐ.பி.டி.யின் மூன்றாம் நிலை தொடக்கக்காரர்களுக்கானது. ஐந்தும் ஏழும் அதற்கு மேலே. இத்துறை உங்களுக்கு ஒத்துவருமா என்று சோதிக்க இவை நல்ல வழி. ஆனால் இவை பிறந்த நாடுகளுக்கு வெளியே வேலை தருபவர்கள் இவற்றை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். நீங்கள் வேலை தேடும் இடத்து விளம்பரங்களில் அந்தப் பெயர் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வேலை தேடும் இடத்தின் தொழிலாளர் சட்டத்தை ஊன்றிப் படித்தவர், சான்றிதழ் இல்லாவிட்டாலும் நேர்காணலில் தனித்துத் தெரிவார்.

## எந்த நிலையில் எது

வீட்டுக்கு உடனே பணம் வேண்டும், பேச்சில் கூச்சமில்லை என்றால் ஏஜென்சி. வீட்டுப் பொறுப்பு கழுத்தை நெரிக்காமல், ஒரு வருடம் பொறுமையாகக் கற்க முடியும் என்றால் பேரோல், ஆபரேஷன்ஸ். சட்டமும் களமும் ஈர்க்கின்றன என்றால் ஆலை. இந்த மூன்றில் அது மிகக் கடினமானது, மிக நீடித்தும் பயன் தருவது. நிச்சயமாகத் தெரிந்த ஒரு கதவுக்கு முதுகலை சாவியாக இருந்தால் மட்டும் மேற்படிப்பு. சிறு நிறுவனம், நான் சொன்ன மூன்று நிபந்தனைகளில் ஒன்றாவது நிறைவேறும்போது.

ஏஜென்சியும் பேரோலும் கையில் இருந்து, ஏஜென்சியில் சம்பளம் கொஞ்சம் அதிகம் என்றால் பலர் தடுமாறுகிறார்கள். அந்த "அதிகம்" உறுதிச் சம்பளத்தில் இருக்கிறதா, இன்சென்டிவையும் சேர்த்துச் சொன்ன தொகையா என்று பாருங்கள். இன்சென்டிவ் ஒன்றுமே வராத மாதத்தை வைத்து ஒப்பிட்டால் பெரும்பாலும் வித்தியாசம் கரைந்துவிடும்.

## ஆஃபரை ஏற்கும் முன் கேட்க வேண்டியவை

நேர்காணலின் முடிவில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். அப்போது இவற்றைக் கேளுங்கள். கேட்டதற்காக ஓர் ஆஃபர் கைநழுவினால் வருந்தாதீர்கள்.

"இதற்கு முன் இந்த இடத்தில் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்?" உள்ளேயே உயர்ந்திருந்தால் நல்லது. மூன்று பேர் அடுத்தடுத்து விலகியிருந்தால் காரணத்தைக் கேளுங்கள்.

"நான் தயாரிக்கும் கடிதத்தையோ கணக்கையோ வெளியே போகும் முன் யார் பார்ப்பார்?" பெயரைச் சொல்லிப் பதில் வர வேண்டும். "நாங்கள் எல்லோரும் ஒரு குடும்பம் போல" என்று பதில் வந்தால் யாரும் பார்க்கப் போவதில்லை என்று பொருள்.

"கடைசியாக ஒரு ஊழியர் புகார் கொடுத்தபோது என்ன நடைமுறை பின்பற்றப்பட்டது?" விவரம் சொல்லத் தேவையில்லை. நடைமுறை என்று ஒன்று இருக்கிறதா என்பது பதில் சொல்பவரின் தயக்கத்திலேயே தெரிந்துவிடும்.

"என் சம்பளத்தில் உறுதியானது எவ்வளவு, நிபந்தனைக்கு உட்பட்டது எவ்வளவு, பயிற்சிக்காலத்தில் விலகினால் நான் ஏதாவது திருப்பித் தர வேண்டுமா?" இதற்கான பதில் எழுத்தில் இருக்க வேண்டும். சான்றிதழ்களின் அசலை வாங்கி வைத்துக்கொள்வோம் என்று சொல்லும் இடத்தில் சேராதீர்கள். நாளை இதே நிபந்தனையை இன்னொருவரிடம் சொல்லும் நாற்காலியில் உட்கார வேண்டியவர் நீங்கள்தான்.